வைல்ட்கார்டு மாஸ்க்: 255ல இருந்து கழிச்சா மட்டும் போதாது

வேலைக்கு சேர்ந்து ரெண்டாவது வருஷம். ஒரு சிஸ்கோ ரவுட்டர்ல யார் வேணா எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்து லாகின்) பண்ற மாதிரி தொறந்து கெடக்கு, நம்ம அட்மின் நெட்வொர்க்ல இருந்து மட்டும் உள்ள வர்ற மாதிரி மாத்திடுன்னு சொன்னாங்க. அட்மின் நெட்வொர்க் 10.20.30.0, ஸ்லாஷ் 24, அதாவது முதல் 24 பிட் நெட்வொர்க்கோடது. இதுல என்ன இருக்கு, மூணு லைன் வேலைதானேன்னு உக்காந்து அடிச்சேன். முதல் லைன் யாரை உள்ள விடணும்ங்கற ஆக்சஸ்-லிஸ்ட், மிச்ச ரெண்டும் அதை ரிமோட் லாகின் வர்ற விடிஒய் லைன்ல மாட்டறது.

ஆக்சஸ்-லிஸ்ட் 10 பெர்மிட் 10.20.30.0 255.255.255.0
லைன் விடிஒய் 0 4
ஆக்சஸ்-கிளாஸ் 10 இன்

எர்ரர் ஒண்ணும் வரல. செஷனும் கட் ஆகல, ஏன்னா ஆக்சஸ்-கிளாஸ் புதுசா வர்ற கனெக்ஷனைத்தான் செக் பண்ணும், ஏற்கனவே உள்ள இருக்கறவனை வெளிய தள்ளாது. நானும் எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சு, பழக்க தோஷத்துல ரைட் அடிச்சு சேவும் பண்ணிட்டு வெளிய வந்துட்டேன். இருவது நிமிஷம் கழிச்சு வேற ஏதோ பாக்கணும்னு திரும்ப போனா கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட். வேற மெஷின்ல இருந்து ட்ரை பண்ணேன், அதே. சேவ் பண்ணாம விட்டிருந்தா பவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலே பழைய கான்ஃபிக் வந்திருக்கும், அந்த ஒரு ரைட்டால அதுவும் போச்சு.

அந்த சைட்ல இருந்த தம்பிக்கு போன் போட்டு, கன்சோல் கேபிளை சொருகு, ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ் அடிச்சு என்ன இருக்குன்னு படின்னேன். அவன் பொறுமையா படிச்சான், "10 பெர்மிட் 0.0.0.0, வைல்ட்கார்டு பிட்ஸ் 255.255.255.0ன்னு இருக்குண்ணா, இதுவா நீங்க போட்டது?" நான் போட்டது 10.20.30.0 ஆச்சே, அது எங்க போச்சு?

எங்க போச்சுன்னு அன்னிக்கு ராத்திரி பேப்பர்ல பைனரி எழுதிப் பாத்தப்பதான் வைல்ட்கார்டு மாஸ்க்னா என்னன்னே எனக்கு புரிஞ்சுது. அதுக்கு முன்னாடி ரெண்டு பரீட்சை இதே சப்ஜெக்ட்ல எழுதி பாஸ் பண்ணியிருந்தேன்ங்கறது வேற விஷயம்.

எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறது என்னன்னா வைல்ட்கார்டு மாஸ்க்ங்கறது சப்நெட் மாஸ்க்கை (நெட்வொர்க் பிட்டுக்கு 1, மிச்சத்துக்கு 0) தலைகீழா போடறது, 255.255.255.255ல இருந்து சப்நெட் மாஸ்க்கைக் கழிச்சா வந்துடும். கணக்கு சரிதான், முக்கால்வாசி நேரம் அதுவே போதும். ஆனா அப்படி மட்டும் மனசுல பதிஞ்சுட்டா இது ஏதோ சப்நெட் மாஸ்க்கோட தம்பி மாதிரி தோணும், ரெண்டும் செய்யற வேலை வேறன்னு தோணாது. ரவுட்டருக்கு இந்த எடத்துல சப்நெட்டுன்னா என்னன்னே தெரியாது. அதுக்கு தெரிஞ்சது 32 பிட் அட்ரஸ் ஒண்ணு, 32 பிட் மாஸ்க் ஒண்ணு, அவ்ளோதான். மாஸ்க்ல 0 இருக்கற எடத்துல பாக்கெட்டோட பிட்டும் நீ குடுத்த பிட்டும் ஒண்ணா இருக்கணும். 1 இருக்கற எடத்துல என்ன இருந்தாலும் கவலை இல்ல, கண்ண மூடிக்கும். 0ன்னா பாரு, 1ன்னா பாக்காத. இத ஒரு தடவ மண்டைல ஏத்திக்கிட்டா மிச்சத்தை நீங்களே போட்டுடலாம்.

இப்ப நான் அடிச்ச லைனை இதை வச்சு படிங்க. 255.255.255.0ன்னா முதல் 24 பிட்டும் 1, அதாவது முதல் மூணு ஆக்டெட்டையும் (புள்ளிக்கு நடுவுல இருக்கற 8 பிட் நம்பர்) பாக்காத, கடைசி ஆக்டெட் 0வா இருக்கான்னு மட்டும் பாரு. பாக்கவே போறதில்லங்கற பிட்டுல நீங்க எது எழுதினாலும் அதுக்கு அர்த்தம் இல்ல, அதனால ஐஓஎஸ், அதாவது ரவுட்டர்ல ஓடற சிஸ்கோ சாஃப்ட்வேர், அதை எல்லாம் 0 ஆக்கித்தான் சேவ் பண்ணும். அப்படித்தான் என்னோட 10.20.30 காணாம போய் 0.0.0.0 ஆச்சு. ஒலகத்துல எந்த நெட்வொர்க்ல இருந்து வந்தாலும் சரி, அட்ரஸ் .0ல முடிஞ்சா உள்ள வா, இல்லன்னா போன்னு நான் சொல்லியிருக்கேன். என் லேப்டாப் .0ல முடியல. லிஸ்ட்டோட கடைசில எழுதாமலே இருக்கற டினை (தடு) எல்லாரையும் தள்ளுற மாதிரி என்னையும் தள்ளிடுச்சு.

சரி, கணக்குக்கு வருவோம். சாதாரண சப்நெட்டுக்கு கழித்தல் முறையே போதும்னு சொன்னேன்ல, ஒவ்வொரு ஆக்டெட்டா 255ல இருந்து கழிங்க. /27ன்னா 255.255.255.224, கழிச்சா 0.0.0.31. /20ன்னா 255.255.240.0, கழிச்சா 0.0.15.255. /30க்கு 0.0.0.3. நான் இப்பல்லாம் கழிக்கறதே இல்ல, ப்ளாக் சைஸ்ல இருந்து ஒண்ணு கொறச்சுக்கறேன். /27ன்னா 32 அட்ரஸ், அப்ப 31. /26ன்னா 64, அப்ப 63. /22ன்னா மூணாவது ஆக்டெட்ல நாலு நாலா போகும், அப்ப அங்க 3, அதுக்கு அடுத்தது 255, மொத்தத்துல 0.0.3.255. ஒழுங்கான மாஸ்க்ல ஒரு ஆக்டெட்டுக்குள்ள வரக்கூடிய நம்பரே 0, 1, 3, 7, 15, 31, 63, 127, 255 இவ்ளோதான், இதைத் தாண்டி ஒரு நம்பர் உங்க மாஸ்க்ல இருந்தா ஒண்ணு நீங்க ரொம்ப கெட்டிக்காரத்தனமா ஏதோ பண்றீங்க, இல்லன்னா தப்பு பண்ணியிருக்கீங்க. பெரும்பாலும் ரெண்டாவதுதான்.

சரிபாக்கறதுக்கு ஒரு வழி இருக்கு, அட்ரஸையும் மாஸ்க்கையும் கூட்டிப் பாருங்க, ப்ளாக்கோட கடைசி அட்ரஸ் வரணும். 192.168.1.64ம் 0.0.0.31ம் கூட்டினா 192.168.1.95, அதுதான் அந்த /27ஓட கடைசி. ஆனா இது ஆரம்ப அட்ரஸ் ப்ளாக்கோட எல்லைல இருந்தாத்தான் செல்லும், அத சொல்லாம விட்டா நான் உங்களை குழில தள்ளின மாதிரி ஆயிடும். எப்படின்னு சொல்றேன்.

10.1.100.0ல இருந்து 10.1.115.255 வரைக்கும் பெர்மிட் பண்ணணும்னு வச்சுக்கங்க. பதினாறு நெட்வொர்க், அப்ப 15, எழுதறது 10.1.100.0 0.0.15.255. கூட்டினா 115.255 அழகா வருது, சந்தோஷமா இருக்கு. ஆனா 100ங்கறது 16ஆல வகுபடாது. பைனரில 01100100. கடைசி நாலு பிட்டைப் பாக்காதன்னு சொன்னீங்கன்னா மிச்சம் இருக்கறது 0110, அதாவது 96. அப்ப உண்மைல மேட்ச் ஆகறது 96ல இருந்து 111 வரைக்கும். நீங்க கேக்காத 96, 97, 98, 99 உள்ள வந்துடுச்சு, நீங்க கேட்ட 112 முதல் 115 வெளிய நிக்குது. ரவுட்டர் வாயே தொறக்காது. ஆனா ஷோ ரன் அடிச்சா 10.1.100.0 இருக்காது, 10.1.96.0ன்னு இருக்கும், அது அவ்ளோதான் சொல்லும், நீங்கதான் கவனிக்கணும். இந்த ரேஞ்சை ஒழுங்கா எழுதணும்னா மூணு லைன் ஆகும்: 10.1.100.0 0.0.3.255, அப்புறம் 10.1.104.0 0.0.7.255, அப்புறம் 10.1.112.0 0.0.3.255. நாலு, எட்டு, நாலு, ஆக மொத்தம் பதினாறு.

இந்த வெட்டுற வேலையைத்தான் நெறைய பேர் பயப்படறாங்க. கஷ்டமே இல்ல, கொஞ்சம் எரிச்சலா இருக்கும், அவ்ளோதான். 192.168.1.50ல இருந்து 99 வரைக்கும் வேணும்னு வச்சுக்கங்க. எங்க நிக்கறீங்களோ அந்த நம்பர் 2, 4, 8, 16ன்னு எது வரைக்கும் மிச்சமில்லாம வகுபடுதோ அதுதான் அங்கேருந்து எடுத்து வைக்கக்கூடிய பெரிய ப்ளாக், அது கடைசி நம்பரைத் தாண்டிப் போச்சுன்னா பாதியாக்கிக்கங்க. 50 ரெண்டாலதான் வகுபடும், அதனால 50, 51 ஒரு ப்ளாக், மாஸ்க் 1. அடுத்து 52, அது நாலால போகும், 52 முதல் 55, மாஸ்க் 3. அடுத்து 56, எட்டால போகும், 56 முதல் 63, மாஸ்க் 7. அடுத்து 64, அதுக்கு 64 சைஸ் ப்ளாக்கே எடுக்கலாம் ஆனா 127 வரைக்கும் போயிடும், பாதியாக்கி 32 எடுத்தா 64 முதல் 95, மாஸ்க் 31. மிச்சம் 96, 97, 98, 99, மாஸ்க் 3. அஞ்சு லைன். ரெண்டு, நாலு, எட்டு, முப்பத்திரண்டு, நாலு, கூட்டினா அம்பது, கணக்கு நேராயிடுச்சு. கூட்டிப் பாக்கறத மட்டும் விட்டுடாதீங்க.

இதையே ஒரு புதுப் பையன் ஒரே லைன்ல முடிச்சுட்டேன்னு பெருமையா கொண்டு வந்து காட்டினான். 50ல ஆரம்பிக்குது, அதோட இன்னும் 49, அதனால 192.168.1.50 0.0.0.49. பாவம், அவன் யோசிச்சதுல ஒரு நியாயம் இருக்கு, ரேஞ்சுன்னா அப்படித்தானே தோணும். நான் எதுவும் சொல்லல, பைனரில எழுதுன்னு மட்டும் சொன்னேன்.

50: 00110010
49: 00110001

மாஸ்க்ல 1 எங்கெங்க இருக்கு? 32ஓட எடத்துல, 16ஓட எடத்துல, 1ஓட எடத்துல. இந்த மூணை மட்டும் கண்டுக்காது, மிச்சம் அஞ்சு பிட் அப்படியே இருக்கணும். அந்த மூணையும் அடிச்சுட்டா 50ல மிஞ்சறது 2. அந்த 2ஓட 1, 16, 32 இதுங்களை வேணுங்கற மாதிரி சேத்துப் பாத்தா 2, 3, 18, 19, 34, 35, 50, 51, இந்த எட்டு அட்ரஸ் மட்டும்தான் மேட்ச் ஆகும். அம்பது கேட்டவனுக்கு எட்டு கெடச்சுது, அதுலயும் ஆறு பேர் யாருன்னே தெரியாதவங்க. எட்டுன்னு எண்ணிப் பாக்காமலே சொல்லிடலாம், மாஸ்க்ல எத்தன 1 இருக்கோ அத்தன தடவ ரெண்டைப் பெருக்கினா போதும், மூணு 1, அதனால எட்டு. அவன் அந்த எட்டு நம்பரையும் எழுதி முடிச்சப்புறம் ரொம்ப நேரம் பேப்பரையே பாத்துக்கிட்டு இருந்தான். நான் 255.255.255.0 போட்ட கதையை அப்பத்தான் அவன்கிட்ட சொன்னேன்.

இப்படி நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி 1 வர்றது எப்பவுமே தப்புன்னு இல்ல. சப்நெட் மாஸ்க்ல அப்படி வரக்கூடாது, 1 எல்லாம் எடப்பக்கம் ஒட்டித்தான் இருக்கணும். வைல்ட்கார்டுல அந்தக் கட்டாயம் கெடையாது, இதோட உண்மையான பவரே அங்கதான் இருக்குன்னு நான் நெனைக்கறேன். ஒரு கம்பெனில அட்ரஸ் ப்ளான் இப்படி இருக்குன்னு வைங்க: ரெண்டாவது ஆக்டெட் கிளை நம்பர், மூணாவது ஆக்டெட் விலான் (ஒரே ஸ்விட்ச்சுக்குள்ள பிரிச்ச தனி நெட்வொர்க்) நம்பர், எல்லா கிளைலயும் போன்கள் எல்லாம் விலான் 20ல. இருநூறு கிளை இருந்தாலும் எல்லா போனுக்கும் சேத்து ஒரே லைன், 10.0.20.0 0.255.0.255. முதல் ஆக்டெட் 10 இருக்கணும், ரெண்டாவது எதுவா இருந்தாலும் சரி, மூணாவது 20 இருக்கணும், நாலாவது எதுவா இருந்தாலும் சரி. இத முதல் தடவ பாத்தப்ப எனக்கு உண்மைலயே சிரிப்பு வந்துடுச்சு. இருநூறு லைன் எழுத வேண்டியவன் ஒரு லைன்ல முடிச்சுட்டு வீட்டுக்கு போறான். அட்ரஸ் ப்ளான் போட்ட புண்ணியவான் யாரோ அவரைத்தான் கும்பிடணும். ப்ளான் கன்னாபின்னான்னு இருந்தா இந்த வித்தை எதுவும் பலிக்காது.

ஒத்தப்படை ரெட்டப்படை விஷயம் எல்லா வகுப்புலயும் சொல்லுவாங்க. 192.168.1.0 0.0.0.254 போட்டா கடைசி பிட்டை மட்டும்தான் பாக்கும், அது 0வா இருக்கணும், அதனால ரெட்டப்படை எல்லாம் மேட்ச் ஆகும், 192.168.1.1 போட்டா ஒத்தப்படை. பரீட்சைக்கு நல்ல கேள்வி, வேலைல நான் இதுவரைக்கும் ஒரு தடவ கூட போட்டதில்ல.

ஆனா ரெண்டு நெட்வொர்க்கை ஒரே லைன்ல அடக்கறது அப்பப்ப தேவைப்படும். 192.168.4.0, 192.168.12.0 ரெண்டும் வேணும், நடுவுல இருக்கறது எதுவும் வேண்டாம். 4ன்னா 00000100, 12ன்னா 00001100. ரெண்டுக்கும் எந்தெந்த பிட் வித்தியாசப்படுதுன்னு பாருங்க, 8ஓட எடம் ஒண்ணுதான். அத மட்டும் பாக்காதன்னு சொன்னா முடிஞ்சுது: 192.168.4.0 0.0.8.255. கரெக்டா இந்த ரெண்டு மட்டும்தான் உள்ள வரும். எக்ஸார் (வித்தியாசப்படற பிட்டுக்கு மட்டும் 1 தர்ற கணக்கு) தெரிஞ்சவங்க கால்குலேட்டர்ல ரெண்டு நம்பரையும் எக்ஸார் பண்ணா அதேதான் மாஸ்க். ஆனா வித்தியாசம் ஒரு பிட்டுக்கு மேல போச்சுன்னா ஜாக்கிரதை. 10.1.1.0, 10.1.2.0 பக்கத்து பக்கத்துலதானே இருக்கு, ஒரே லைன்ல வந்துடும்னு தோணும். 1ன்னா 01, 2ன்னா 10, ரெண்டு பிட்டும் மாறுது, எக்ஸார் 3. 0.0.3.255 போட்டீங்கன்னா கூடவே 10.1.0.0ம் 10.1.3.0ம் ஓசில உள்ள வந்துடும். அந்த மாதிரி எடத்துல பேசாம ரெண்டு லைனா எழுதிடுங்க. ஒரு லைன் மிச்சம் பண்ணி யாரும் மெடல் குத்தப் போறதில்ல.

சின்ன விஷயம் சிலது, ஓடிட்டே சொல்லிடறேன். ஒரே ஒரு மெஷின்னா 0.0.0.0, அதுக்கு பதிலா ஹோஸ்ட்னு எழுதலாம். எல்லாருமேன்னா 255.255.255.255, அதுக்கு பதிலா எனி. ஸ்டாண்டர்ட் லிஸ்ட்ல (எங்கேருந்து வருதுங்கற அட்ரஸை மட்டும் பாக்கறது) மாஸ்க்கே போடாம பெர்மிட் 192.168.5.0ன்னு விட்டுட்டா ஐஓஎஸ் அதை நெட்வொர்க்னு எடுத்துக்காது, 192.168.5.0ங்கற ஒரே ஒரு ஹோஸ்ட்டுன்னு எடுத்துக்கும், யாரும் உள்ள வர முடியாது, நீங்க ஒரு மணி நேரம் ரவுட்டிங்ல தப்பு தேடிட்டு இருப்பீங்க. சிஸ்கோலயே ஏஎஸ்ஏ ஃபயர்வால்ல ஆக்சஸ் லிஸ்ட்டுக்கு சப்நெட் மாஸ்க்தான் போடணும், வைல்ட்கார்டு கெடையாது. காலைல ஃபயர்வால் மத்தியானம் ரவுட்டர்னு மாறி மாறி வேலை பாக்கறவங்க கை தானா தப்பா அடிக்கும், என் கைக்கும் அன்னிக்கு அதுதான் ஆச்சு. ஐபிவி6 லிஸ்ட்ல ப்ரிஃபிக்ஸ் நீளம் போட்டாலே போதும், இந்த தலைவலியே இல்ல.

தூரத்துல இருக்கற ரவுட்டர்ல ஆக்சஸ் லிஸ்ட்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ரீலோட் இன் 10ன்னு அடிச்சுடுவேன் இப்பல்லாம். பத்து நிமிஷத்துல அதுவே ரீஸ்டார்ட் ஆகி சேவ் பண்ண பழைய கான்ஃபிக்குக்கு போயிடும். மாத்தினதும் பழைய செஷனை மூடாம இன்னொரு விண்டோல புதுசா லாகின் பண்ணிப் பாப்பேன், உள்ள போக முடிஞ்சா ரீலோட் கேன்சல், அப்புறம்தான் ரைட். பத்து நிமிஷத்துக்குள்ள கேன்சல் பண்ண மறந்து ஒரு தடவ ஒழுங்கா ஓடிட்டு இருந்த ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணவும் செஞ்சிருக்கேன், ஆனா அது அஞ்சு நிமிஷ அவமானத்தோட முடிஞ்சுது.

அந்த தம்பி கன்சோல்ல மாஸ்க்கை 0.0.0.255ன்னு மாத்தி என்னை உள்ள விட்டானே, அதுக்கு அடுத்த நாள் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. பெர்மிட் லைன்ல இந்த தப்பு பண்ணா நம்மள வெளிய தள்ளிடும், அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். டினை லைன்ல பண்ணா? மத்த ரவுட்டர் எல்லாத்துலயும் கான்ஃபிக்கை எடுத்து 255.255.255.0 எங்கெங்க இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். இன்டர்ஃபேஸ், ரூட் இதுல எல்லாம் வரத்தான் செய்யும், ஆக்சஸ் லிஸ்ட்ல மட்டும் வரக்கூடாது. மூணாவது ரவுட்டர்ல கெடச்சுது. விசிட்டர் வைஃபை நெட்வொர்க்ல இருந்து சர்வர் பக்கம் யாரும் போகக்கூடாதுன்னு ஒரு லிஸ்ட், மேல ரிமார்க் எல்லாம் அழகா எழுதியிருக்கு, கீழ டினை ஐபி 0.0.0.0 255.255.255.0 எனி, அதுக்கும் கீழ பெர்மிட் ஐபி எனி எனி.

ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ் அடிச்சேன். பெர்மிட் லைனுக்குப் பக்கத்துல ப்ராக்கெட்ல மேட்ச் எண்ணிக்கை லட்சக்கணக்குல ஓடிட்டு இருந்துச்சு. டினை லைனுக்குப் பக்கத்துல ப்ராக்கெட்டே இல்ல. ஒரு பாக்கெட்டைக் கூட அது தடுக்கவே இல்ல. சேஞ்ச் டிக்கெட்டைத் தேடி எடுத்துப் பாத்தா அந்த லைன் போட்டு பதினோரு மாசம் ஆயிருந்துச்சு, டெஸ்ட் பண்ணியாச்சான்னு கேட்ட கட்டத்துல ஆச்சுன்னு டிக் போட்டிருந்தாங்க, போட்ட பேரைப் பாத்தேன், என் பேரு.